வகைதொகை இல்லாத வாசகர் வட்டம்

ஒரு சங்கம் என்றால் அதில் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பது உலகமே ஒப்புக்கொண்ட விஷயம். அந்த உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வகைக்குள் அடங்கியே தீர வேண்டும் என்பது மட்டும், சலவைக்கடை மாடியில் நடந்துவந்த வாசகர் வட்டத்துக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது. தெரியாமல் இருந்ததால் நிம்மதியாகவும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுவார்கள். கீழே இஸ்திரி போடும் ஆவி பலகைத் தரையின் இடுக்கு வழியாக மேலே வரும். அந்த வெதுவெதுப்பில் ஒருவர் ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச, மற்றவர்கள் தேநீர் வருகிறதா என்று படிக்கட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருப்பார்கள். இலக்கியம் அந்த அளவில் செழிப்பாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

செயலாளருக்குத்தான் பொறுக்கவில்லை.

நம்ம செயலாளரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். மனிதர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைவு எழுதியே காலம் தள்ளியவர். ஆணை, சுற்றறிக்கை, நினைவூட்டல், நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல் என்று எழுதி எழுதி, 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று ஆரம்பிக்காமல் அவருக்கு வீட்டில் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க வராது. ஓய்வு பெற்று வந்ததும், வீடு முறையாக நடக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து, சமையலறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். மறுநாளே அவருடைய மனைவி, அக்கம்பக்கத்தில் என்னென்ன சங்கங்கள் இருக்கின்றன என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அப்படித்தான் அவர் இலக்கியத்துக்குள் நுழைந்தார்.

வட்டத்தின் அறையில் இருந்தவை எல்லாம் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றே ஒன்றுதான் கைவைத்த மர நாற்காலி. அது தலைவருடையது. செயலாளர் கூட்டக் குறிப்பு எழுதும்போது முழங்கையை வைக்க இடமில்லாமல் தொடைமேல் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்ப்பார். தலைவர் தன் மகளோடு போய் இருக்கப்போவதாகவும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தோடு விலகிக்கொள்வதாகவும் அறிவித்த நாளிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். ஆசையை வாய்விட்டுச் சொன்னார் என்று யாரும் பழி போட முடியாது. "எனக்கெதுக்குங்க பதவி?" என்று, யாரும் கேட்காமலே, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படித்தான் ஆசைப்படுவது?

பொதுக்கூட்டத்துக்கு முன்னால் பெரிதாக எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அந்தச் சமயம் பார்த்து எல்லாச் சங்கங்களும் உறுப்பினர்களை நிர்வகிக்க மென்பொருள் போட்டுக்கொண்டிருந்தன. மாலைநடைச் சங்கம் போட்டுவிட்டது. மாடித்தோட்டக்காரர்கள் போட்டுவிட்டார்கள். போடாத சங்கத்தில் உறுப்பினராக இருப்பது, பொத்தான் இல்லாத சட்டையோடு வெளியே போவது மாதிரி ஆகிவிட்டது. செயலாளரும் போட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் மருமகள் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் கணினி வேலை பார்ப்பவள். மாமனாருக்காக ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்திருந்தாள்.

"மாமா, முதல் பக்கம் முடிஞ்சுது. இப்ப உறுப்பினர் வகை கேக்குது."

"வகையா? எல்லாரும் உறுப்பினர்தானேம்மா."

"அப்படிச் சொன்னா ஏத்துக்காது மாமா. முதல்ல வகையை உருவாக்கணும். அப்புறம்தான் ஆளைச் சேர்க்க முடியும். ஒவ்வொரு வகைக்கும் பேரு, விளக்கம், என்னென்ன உரிமை, எப்போ முடியும், எல்லாம் போடணும்."

"மத்த சங்கத்துல என்ன போட்டிருக்காங்க?"

"சாதாரணம், ஆயுள், கௌரவம்னு போட்டிருக்காங்க."

செயலாளர் கண்ணை மூடி யோசித்தார். "சாதாரணம்னு போட்டா எங்க ஆளுங்க ஒருத்தர்கூட ஒத்துக்க மாட்டாங்க. கௌரவம்னு போட்டா அத்தனை பேரும் அதுலதான் வந்து நிப்பாங்க. ஆயுள்னு போட்டா, எங்க ஆளுங்க வயசுக்கு அது ரொம்ப நாள் வராது. அதுலயும் சண்டை வரும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க மாமா. உங்க வட்டத்துல நிஜமாவே என்னென்ன வகை ஆளுங்க இருக்காங்களோ, அதையே போட்டுடுங்க. நான் போய் துணி காயப்போட்டுட்டு வந்துடறேன்."

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செயலாளர் அந்த 'நிஜமாவே'யில் மாட்டிக்கொண்டார். கேட்ட தகவலைக் கேட்ட வடிவத்தில் தர வேண்டும் என்பது அவர் பயின்ற தொழில். ஆனால் அத்தனை கால சேவையில் நிஜத்தைக் கொடு என்று எந்த மேலதிகாரியும் அவரைக் கேட்டதில்லை. கேட்காமல் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது ஓர் இயந்திரம் கேட்கிறது. அதற்கு மேலதிகாரியும் கிடையாது, மச்சினனும் கிடையாது. கொடுத்தால் என்ன? மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரல்களால் தட்ட ஆரம்பித்தார்.

வாசகர் வட்டம் என்பதால் முதலில் 'வாசிக்கும் உறுப்பினர்' என்று ஒரு வகை உருவாக்கினார். விளக்கத்தில் 'புத்தகத்தை முழுமையாகப் படிப்பவர்' என்று போட்டார். அதில் யாரைச் சேர்ப்பது என்று பார்த்தார். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். கடைசியில் தன் முகத்தையும் நினைத்துப் பார்த்தார். கூட்டக் குறிப்பு எழுதுவதற்குப் புத்தகம் படிக்க வேண்டிய அவசியமில்லை. படித்தால் குறிப்பு நீண்டுவிடும் என்ற கொள்கையை அவர் வெகுநாளாகக் கடைப்பிடித்து வந்தார். இயந்திரம் காத்திருந்து பார்த்துவிட்டு, 'இவ்வகையில் எவரும் இல்லை. நீக்கவா?' என்று கேட்டது. நீக்கு என்று அழுத்தினார். அதற்கப்புறம் வேலை மளமளவென்று ஓடியது.

பல் டாக்டருக்கு ஒரு வகை: 'பின்னட்டை உறுப்பினர். விளக்கம்: பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு முழுப் புத்தகத்தைப் பற்றியும் பேசுபவர். உரிமை: எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரைக் கேட்கலாகாது.'

வக்கீலுக்கு: 'திருப்பித் தராத உறுப்பினர். உரிமை: வட்டத்தின் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துச் செல்லலாம். முடிவு தேதி: கிடையாது.'

இன்சூரன்ஸ்காரருக்கு: 'வராத உறுப்பினர். விளக்கம்: எல்லாக் கூட்டத்துக்கும் கண்டிப்பாக வந்துவிடுவதாகச் சொல்பவர். உரிமை: சொல்லலாம்.'

வட்டத்தில் எல்லாரும் இலக்கணம் டீச்சர் என்று கூப்பிடும் தமிழாசிரியைக்கு: 'திருத்தும் உறுப்பினர். கதையை விட்டுவிட்டு ஒற்றுப்பிழையைப் படிப்பவர்.' தலைவருக்கு: 'முன்பே படித்துவிட்ட உறுப்பினர்.' எந்தப் புத்தகத்தின் பெயரைச் சொன்னாலும், அது நேற்றுத்தான் அச்சகத்திலிருந்து வந்திருந்தாலும், "சின்ன வயசுலயே படிச்சுட்டேன்" என்பவர் அவர். மிச்சமிருந்தவர்களை 'தேநீர் வரை உறுப்பினர்', 'தேநீர் முதல் உறுப்பினர்' என்று இரண்டு வகையாகப் பிரித்துப் போட்டார். தட்டிக்கொண்டே அவருக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் எழுதியதைத் தானே ரசித்துப் படித்தார்.

கடைசிப் பக்கத்தில் இயந்திரம், 'இந்த வகைகளை நடைமுறைப்படுத்தவா?' என்று கேட்டது.

இங்கேதான் மனிதர் சறுக்கினார். அவர் சறுக்கியதற்கு அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 'உடனடியாக நடைமுறைப்படுத்தப்படும்' என்று அவர் கையாலேயே எத்தனையோ ஆணைகளை வரைந்திருக்கிறார். அவற்றில் ஒன்றாவது நடந்து அவர் பார்த்ததில்லை. நடைமுறைப்படுத்துவது என்றால் கோப்பைக் கட்டி, மேலே ஏற்றி வைத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பது என்றே அவர் புரிந்துவைத்திருந்தார். ஆகவே எந்தக் கவலையும் இல்லாமல் 'ஆம்' என்று அழுத்திவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த மென்பொருளுக்கு அரசாங்க அனுபவம் போதாது. சொன்னதைச் செய்துவிட்டது. அவர் தலை துவட்டி முடிப்பதற்குள் ஒவ்வோர் உறுப்பினர் கைப்பேசிக்கும் ஓர் அழகான அட்டை போய்ச் சேர்ந்தது. அதில் உறுப்பினர் படம், பெயர், அதன் கீழே கொட்டை எழுத்தில் வகை, அதற்கும் கீழே விளக்கமும் உரிமையும் இருந்தன. ஓரத்தில் 'தங்கள் வகைக்கு எங்கள் வாழ்த்துகள்' என்று ஒரு பூங்கொத்தும் போட்டிருந்தது.

துணி காயப்போட்டு வந்த மருமகள் திரையைப் பார்த்தாள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, நடைமுறைப்படுத்தவான்னு கேட்டப்ப ஆம்னு அழுத்துனீங்களா?"

"ஆமாம்மா. நடைமுறைப்படுத்தறதுன்னா ஒண்ணும் நடக்காதுன்னுதானே அர்த்தம்?"

அவள் செயலாளருக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னாள். போச்சு, நாற்காலி போச்சு. கையில்லாத நாற்காலியாவது மிஞ்சுமா என்பதே சந்தேகம். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். மனைவி வந்து எதிரே நின்றார்.

"ஏங்க, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வகை போட்டீங்களாமே. உங்களுக்கு என்ன போட்டீங்க?"

"எனக்கு எதுவும் போடலை."

"வீட்ல இருந்தா தொந்தரவுன்னு அனுப்பிவச்ச உறுப்பினர்னு போடறதுதானே? நிஜம் அதுதானே." சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். செயலாளருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. தலைவர் அன்று மாலை வழக்கமான கூட்டத்தை அவசரக் கூட்டமாக மாற்றியிருக்கிறார் என்று செய்தி வந்திருந்தது.

மாலை, அடி விழுந்தால் மாடிப்படியில் எந்தப் பக்கமாக ஓடுவது என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் அவர் மேலே ஏறினார். அறை நிரம்பி வழிந்தது. இன்சூரன்ஸ்காரர்கூட வந்திருந்தார். வட்டத்தின் வரலாற்றில் அவருடைய முகத்தைப் பார்த்திராத உறுப்பினர்கள் சிலர், புதிதாகச் சேர வந்தவர் என்று நினைத்து அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்கள்.

பல் டாக்டர்தான் முதலில் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"செயலாளர் சார், நான் ஒண்ணு கேக்கறேன். இது நியாயமா?"

"மன்னிக்கணும் டாக்டர். அது வந்து..."

"நான் பின்னட்டையாவது படிக்கறேன். தலைவர் அதுகூடப் படிக்கறது இல்ல. அவருக்கு மட்டும் 'முன்பே படித்துவிட்ட உறுப்பினர்'னு போட்டிருக்கீங்க. கஷ்டப்பட்டுப் படிக்கறவனுக்கு என்ன மரியாதை இருக்கு இங்க?"

செயலாளர் வாயைப் பிளந்தார். தலைவர் கைவைத்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வயசுக்குத் தகுந்த வகை அது" என்றார்.

வக்கீல் எழுந்தார். அவர் தன் அட்டையைத் தாளில் அச்சடித்து, கண்ணாடி உறை போட்டுக் கொண்டுவந்திருந்தார். "எனக்கு இதுல ஆட்சேபணையே கிடையாது. என் உரிமையை முதல்தடவையா எழுத்துல கொடுத்திருக்கீங்க. நன்றி. ஆனா இனிமே புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு யாராவது எனக்கு போன் பண்ணினா, அது என் வகையில தலையிடறதாகும். அதைக் கூட்டக் குறிப்புல பதிவு பண்ணிடுங்க."

அடுத்து இலக்கணம் டீச்சர். செயலாளருக்கு இவரிடம்தான் அதிக பயம். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "வராத உறுப்பினர்னு எழுதினது யாரு?" என்றார்.

"நான்தான் டீச்சர். தப்புதான்."

"பெரிய தப்பு. 'வாராவுறுப்பினர்'னு சேர்த்து எழுதணும். ஈறு கெட்டிருக்கணும் அங்க."

பல் டாக்டர் சட்டென்று திரும்பி, "யாருக்கு ஈறு கெட்டிருக்கு?" என்றார்.

"பெயரெச்சத்துக்கு. நீங்க உக்காருங்க."

இன்சூரன்ஸ்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "எனக்கு ஒரு சந்தேகம். நான் இன்னிக்கு வந்துட்டேனே, என் வகை போயிடுமா?" வீட்டில் அட்டையைக் காட்டி, எல்லாரும் ஒரு தட்டு இனிப்பு சாப்பிட்டுவிட்டார்களாம். கூட்டம் அவருக்காக இரங்கியது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, அவர் வந்ததாகப் பதிய வேண்டாம், வருவதாகச் சொன்னதாக மட்டும் பதிந்தால் போதும் என்று முடிவானது. அவர் நிம்மதியாக உட்கார்ந்து, கூட்டம் முடியும்வரை வராமலே இருந்தார்.

செயலாளர் படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. திட்டு வாங்கப் போனவர் பாராட்டு வாங்கித் திரும்பினார். நம்ம ஆட்களை அவர் தப்பாக நினைத்துவிட்டார். என்ன பெயர் வைத்தார்கள் என்பது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. நமக்கென்று ஒன்று வைத்திருக்கிறார்களா, அது அடுத்தவனுடையதைவிட ஒரு படி மேலே இருக்கிறதா, அவ்வளவுதான் நம் கவலை.

அதற்கப்புறம் அது ஒரு மோகமாகவே பரவியது. பல் டாக்டர் தன் மருத்துவமனைப் பலகையில் பட்டங்களுக்குப் பின்னால் 'பின்னட்டை உறுப்பினர்' என்று எழுதிக்கொண்டார். பல் பிடுங்க வந்தவர்கள் அது ஏதோ மேல்படிப்பு என்று நினைத்து மரியாதையாக வாயைத் திறந்தார்கள். மாலைநடைச் சங்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போய், 'பெஞ்சு உறுப்பினர்' என்று ஒரு வகை தொடங்கினார்கள். நடப்பவர்கள் எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள். சங்கங்களை மேற்பார்வையிடும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். வாசகர் வட்டத்தில் வாசிப்பவர் என்று ஒரு வகையே இல்லையே என்று கேட்டார். ஆள் இல்லாததால் நீக்கிவிட்டோம் என்றார் செயலாளர். அதிகாரி மனம் நெகிழ்ந்து, 'வீண் வகைகள் ஏதும் இன்றி நிர்வாகம் சிக்கனமாக நடைபெறுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒரு களங்கம்தான் நேர்ந்தது. தேநீர் வரை உறுப்பினர் ஒருவர் பஸ்ஸில் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். எந்த வகையின் கீழ் படித்தார் என்று விளக்கம் கேட்கப்பட்டது. அவர் வெலவெலத்துப்போய், "பக்கத்து சீட்காரர் புத்தகம்ங்க. அவர் இறங்கறவரைக்கும் மடியில வச்சிருந்தேன், அவ்வளவுதான்" என்று எழுதிக் கொடுத்த பிறகே விட்டார்கள்.

செயலாளரின் பெயர் எங்கும் பேசப்பட்டது. கைவைத்த நாற்காலி இனி தன்னைத் தேடி வரும் என்று அவர் நம்பினார். தன் முழங்கைகளுக்கு அந்த உயரம் சரிப்படுமா என்று, வீட்டில் ஆளில்லாத நேரத்தில், இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி உட்கார்ந்துகூடப் பார்த்துவிட்டார்.

பொதுக்கூட்டத்தன்று தலைவர் விடைபெற்றுப் பேசினார். உறுப்பினர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகத்தையும் சின்ன வயதிலேயே படித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, "அடுத்த தலைவருக்கு யார் நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து ஓரமாகப் போய் நின்றார். நாற்காலி காலியானது.

"எனக்கெதுக்குங்க பதவி?" என்று செயலாளர் எழுந்தார். "இருந்தாலும் எல்லாரும் வற்புறுத்தறதால..."

யாரும் வற்புறுத்தியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. வக்கீல் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நிக்கறது சந்தோஷம். எந்த வகை உறுப்பினரா நிக்கறீங்க சார்?"

செயலாளர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். தன் பெயருக்கு நேரே 'நிர்வாகி' என்று மட்டும் இருந்தது. மருமகளுக்கு போன் போட்டார். அவள் சொன்ன பதில் எல்லாருக்கும் கேட்டது. "நிர்வாகின்னா உறுப்பினர் இல்ல மாமா. எல்லாருக்கும் வகை போட்டீங்க, உங்களை எதுலயும் சேர்க்கலையே. நீங்க இன்னும் அந்த வட்டத்துல சேரவே இல்ல."

இத்தனை நாள் குறிப்பு எழுதி, நாற்காலி போட்டு, விளக்கு அணைத்துப் பூட்டிக்கொண்டு போனவர், இப்போது உறுப்பினரே இல்லை என்றாகிவிட்டது. செயலாளர் அசரவில்லை. இதற்குப் பொருத்தமாக ஒரு வகையை மனத்தில் வெகுநாளாக வைத்திருந்தார். "அதனால என்ன, இப்ப சேர்த்துட்டா போச்சு. 'தன்னலமற்ற உறுப்பினர்'னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

கீழே இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

இலக்கணம் டீச்சர் மெதுவாக, "நிஜமாவே என்ன வகையோ அதைத்தான் போடணும். அது நீங்க வச்ச முறை" என்றார்.

"சரி. நிஜமாவே நான் என்ன வகை? நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டது ஒரு பேச்சுக்கு. ஆனால் பல் டாக்டரும், தலைவரும், தேநீருக்கு முன்னும் பின்னும் வருபவர்களும், ஒத்திகை பார்த்த மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். "நாற்காலி மேல கண்ணு."

"'நாற்காலிமேற் கண்ணுடைய உறுப்பினர்'னு எழுதுங்க" என்று டீச்சர் திருத்தினார். கைதூக்கச் சொன்னார்கள். அத்தனை கையும் உயர்ந்தது. அந்த வட்டத்தில் ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது அன்றுதான்.

செயலாளருக்குக் காது மடல் சுட்டது. அவமானத்தில் அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்து அடுக்கிவைத்திருந்த தலையணையைக்கூட இவர்கள் பார்த்துவிட்டார்களோ என்று தோன்றியது. ஆனால் அத்தனை காலம் கோப்பு பார்த்தவர் அல்லவா? மானம் ஒரு பக்கம், அலுவல் ஒரு பக்கம். அந்த வகையை உருவாக்கி, தன் பெயரை அதில் சேர்த்து, 'ஆம்' அழுத்தினார். அட்டை வந்தது, பூங்கொத்தோடு.

"இப்ப நான் உறுப்பினர்தானே? நிக்கலாம்தானே?"

"தாராளமா நிக்கலாம்" என்றார் வக்கீல். "ஆனா உக்கார முடியாது."

"ஏன்?"

"நீங்க எதனால உறுப்பினர்? கண்ணு நாற்காலி மேல இருக்கறதால. ஜெயிச்சு அதுல உக்கார்றீங்கன்னு வச்சுக்குவோம். அப்ப அது மேல இருக்கறது கண்ணு இல்ல, வேற." கூட்டம் அதை யோசித்துப் பார்த்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உக்கார்ந்த நிமிஷமே வகை போச்சு. வகை போனா உறுப்பினர் இல்ல. உறுப்பினர் இல்லாதவர் எப்படித் தலைவர் நாற்காலியில உக்கார்றது? எழுந்துடணும். எழுந்துட்டா கண்ணு திரும்ப அங்க போயிடும், மறுபடி உறுப்பினர். ஆக, நிக்கலாம். உக்காரத்தான் முடியாது."

வாதம் பிசிறில்லாமல் இருந்தது. செயலாளருக்கே அதில் குறை சொல்லத் தெரியவில்லை. தான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார். உட்கார்ந்துகொண்டார், தன் கையில்லாத நாற்காலியில். தலையைத் தூக்கி, கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையே. என் கண்ணு அங்க இருந்தது உங்க எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுது?"

வக்கீல் உறைபோட்ட அட்டையைத் துடைத்தார். பல் டாக்டர் தரையைப் பார்த்தார். நாலு கூட்டமே வந்து பழகியிருந்த, எதை எங்கே சொல்லக்கூடாது என்று இன்னும் கற்றுக்கொள்ளாத இன்சூரன்ஸ்காரர்தான் பதில் சொன்னார்.

"நாங்களும் அங்கதானே சார் பாத்துக்கிட்டிருந்தோம்."

சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாருடைய கைப்பேசியும் மெதுவாக மடிக்கு இறங்கியது. செயலாளருடைய கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. பல் டாக்டர் தன்னைப் பின்னட்டையிலிருந்து நாற்காலிமேற் கண்ணுடைய வகைக்கு மாற்றக் கோரியிருந்தார். மறுபடி அதிர்ந்தது. வக்கீல். அப்புறம் நிறுத்தாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. இலக்கணம் டீச்சர், தேநீருக்கு முன், தேநீருக்குப் பின், எல்லாரும் வந்தார்கள். விலகிக்கொண்ட தலைவரின் விண்ணப்பமும் வந்தது. அதில் அவர், தான் இந்த வகையில் சின்ன வயதிலிருந்தே இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார்.

உலகத்திலேயே தான் ஒருத்தர்தான் இவ்வளவு அற்பம் என்று அதுவரை குமைந்துகொண்டிருந்த செயலாளருக்கு, நெஞ்சை அடைத்திருந்தது இறங்கியது. சங்கம் முழுக்க நம்ம வகைதான் என்று தெரிவதில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது! ஒவ்வொன்றாக எல்லாருக்கும் ஒப்புதல் கொடுத்தார். மற்ற வகைகளில் எவரும் இல்லை, நீக்கவா என்று மென்பொருள் கேட்டது. நீக்கினார்.

வட்டம் இப்போது முன்னெப்போதையும்விட ஒழுங்காக நடக்கிறது. வக்கீலின் தீர்ப்பு எல்லாருக்கும் பொருந்துவதால், தலைவர் பதவிக்கு எல்லாரும் நிற்கிறார்கள், ஒருவரும் உட்காருவதில்லை. இன்சூரன்ஸ்காரர்கூடத் தவறாமல் வந்துவிடுகிறார். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் என்ன வகை என்று யாரும் விசாரிப்பதில்லை. உள்ளே நுழைந்ததும் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் போதும், தானாகவே நம்மவர் ஆகிவிடுகிறார்கள். கூட்டம் முழுக்க அந்தக் காலி நாற்காலியைவிட்டு யாரும் பார்வையை எடுப்பதில்லை. எடுத்தால் உறுப்பினர் தகுதி போய்விடும் அல்லவா? புத்தகம் படிக்கத்தான் ஒருத்தருக்கும் கண் ஒழியவில்லை.